கத்தரிக்கோல் படாத நன்றி

கடவுளுக்கு அல்லாமல் ஒரு மனிதருக்கு, பெயர் சொல்லி, உங்கள் சொந்தக் கையெழுத்தில், நீங்கள் கடைசியாக நன்றி எழுதியது எப்போது? யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் யாக்கோபு எலியின் இடது காதை முடித்துவிடுவார்.

காதுக்கு மூன்று சாம்பல் நிறங்கள். முதலில் வெளிறியது. அது காய்வதற்குள் நடுத்தரம். ஓரத்தில் மட்டும் கருஞ்சாம்பல். ஸ்பிரிட் வாசனை அடிக்கும் அந்த மார்க்கர் பேனாக்களைச் சுருட்டுப் பிடிப்பதுபோல இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்திருக்கிறார். எலி ஒரு சுண்டுவிரல் உயரம்தான். பின்னங்கால்களில் நின்று, தன்னைவிடப் பெரிய குடை ஒன்றைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. குடைக்கு ஒவ்வொரு முறையும் வேறு நிறம். எலிக்கு எப்போதும் சாம்பல். எல்லாம் காய்ந்த பிறகு வெள்ளைப் பேனாவால் கண்ணில் ஒரு புள்ளி வைப்பார். அந்த நேரம் வீட்டில் யாரும் பேசக்கூடாது. கல்லுக்குக் கண் திறக்க ஊரைக் கூட்டி மேளம் அடிக்கிறார்கள். இங்கே எலிக்குக் கண் திறக்கிறது. மேளமும் இல்லை, தட்சிணையும் இல்லை. ஆனாலும் எலி பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

"பாத்தீங்களோ, இப்பத்தான் உயிர் வந்தது," என்பார்.

குசினிக்குள் நிற்கும் மனைவி பேர்ள் சொல்லும் பதிலும் மாறுவதில்லை. "உயிர் வந்தா மேசையை விட்டு இறங்கச் சொல்லுங்கோ. நான் சோறு போட வேணும்."

சிட்னிக்கு மேற்கே வென்ட்வேர்த்வில்லில், வேறொருவர் வீட்டின் பின்வளவில் கட்டிய சிறு வீடு அது. மூன்று கதிரைகள், ஒரு மேசை. சாப்பாடு, மகளின் படிப்பு, எலி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மேசைதான். யாக்கோபுவுக்கு வயது ஐம்பத்தொன்று. மன்னார்த் தீவின் பேசாலையில் பிறந்தவர். காலை ரயிலில் லிட்கம் பக்கம் உள்ள ஒரு சலவை ஆலைக்குப் போய், ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளோடு எட்டு மணி நேரம் நிற்கிறார். மடிப்பதற்கு அங்கே பெரிய இயந்திரம் இருக்கிறது. "மெசின் மடிக்கும். மெசின் பிழையா மடிச்சதை யாக்கோபு மடிப்பான்," என்று தன் வேலையைச் சொல்வார். மூன்றரைக்கு வீடு திரும்பி, கை கழுவி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் மடிக்க உட்கார்ந்துவிடுவார். இந்த முறை காகிதம்.

அவர் செய்வது வாழ்த்து மடல்கள். அதற்கான படங்களை டிஜிட்டல் ஸ்டாம்ப் என்கிறார்கள். பழைய ரப்பர் முத்திரையை மையில் தோய்த்துக் குத்துவோமே, அதே மாதிரியான கோட்டுப்படம்தான். ஆனால் மரக்கட்டையில் வராமல் கணினிக் கோப்பாக வரும். ஓவியர் ஒருவர் வரைந்து இணையத்தில் விற்பார். வாங்கியவர் வேண்டிய அளவில் அச்சிட்டு, நிறம் தீட்டி, மடலில் ஒட்டலாம். யாக்கோபு தன் எலியை வீட்டில் அச்சிடுவதில்லை. வீட்டு இயந்திரத்தின் மை, மார்க்கர் பட்டதும் ஊறிவிடும். எலிக்குத் தாடி முளைக்கும். அதனால் சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய், அங்குள்ள லேசர் இயந்திரத்தில், தடித்த தாளை ஒவ்வொன்றாகச் செருகி எடுக்கிறார். நூலகத்துப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு எலிகள் போய்விட்டன.

பார்க்கிறவர்கள் வியப்பது நிறத்தைப் பார்த்து அல்ல, கரையைப் பார்த்து. அவர் மடல்களில் நேரான வெட்டு எங்குமே இல்லை. தாளை மடித்து, மடிப்பின்மேல் ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்ப்பார். பிறகு விரலைத் தண்ணீரில் தொட்டு, கோடு நெடுகத் தடவி, மெதுவாகக் கிழிப்பார். கரை பஞ்சுபோலப் பிரிந்து வரும். எலியைச் சுற்றியும் அப்படித்தான், ஈர விரலால் வட்டமாகக் கிழித்து எடுப்பார். மகள் றம்யா தந்தையர் தினத்துக்கு வாங்கிக் கொடுத்த நல்ல கத்தரிக்கோல் மூன்று வருடமாக உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

"வெட்டினா எல்லாற்ற காட் மாதிரியும் இருக்கும்," என்பது அவர் சொல்லும் காரணம்.

"கத்தரிக்கோல் தராத இடத்தில பழகின கை. வேற ஒண்டுமில்லை," என்பது பேர்ள் சொல்லும் காரணம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஐந்து வயது றம்யாவையும் தூக்கிக்கொண்டு இருவரும் படகில் வந்தார்கள். அடைக்கலம் கேட்டு வந்தவர்களை இந்த நாடு முள்வேலிக்குள் வைத்து விருந்தோம்பியது. அந்த முகாமுக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் ஜூடித் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை வருவார். அடைபட்டவர்களோடு உட்கார்ந்து வாழ்த்து மடல் செய்வது அவர் தானாகத் தேடிக்கொண்ட வேலை. முதல் வாரம் ரப்பர் முத்திரைகளும் மைப்பெட்டியும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். வாசலில் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கத்தரிக்கோலால் குத்திவிடுவார்களாம். மையைக் குடித்துவிடுவார்களாம்.

"மையைக் குடிக்கிறதோ! அங்க தந்த தேத்தண்ணியையே ஒருத்தரும் குடிக்கேல்ல," என்று யாக்கோபு இன்றைக்கும் சிரிப்பார்.

ஜூடித் சளைக்கவில்லை. அடுத்த புதன் டிஜிட்டல் ஸ்டாம்புகளை வீட்டிலேயே அச்சிட்டு, வெறும் காகிதமாகக் கொண்டுவந்தார். காகிதத்தைத் தடுக்க அன்றுவரை யாருக்கும் விதி எழுதத் தோன்றவில்லை. குடை எலி அப்படித்தான் வேலியைத் தாண்டி உள்ளே வந்தது. வெட்ட ஒன்றும் இல்லையென்றதும் ஈர விரலால் கிழிக்கலாம் என்று கண்டுபிடித்தது யாக்கோபு. மடிப்பை அழுத்தச் சாப்பாட்டுத் தட்டோடு வந்த கரண்டி போதும் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். இப்போது மேசையில் இருக்கும் அந்தக் கரண்டி அதே கரண்டி.

முகாமில் செய்த முதல் மடலை ஜூடித்துக்கே கொடுத்தார். பின்பக்கத்தில் தன் படகுக்கு அதிகாரிகள் இட்ட மூன்றெழுத்தையும் தனக்கு இட்ட எண்ணையும் எழுதியிருந்தார். காவலர்கள் அவரை அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவரும் அதுதான் முறையாக்கும் என்று எழுதிவிட்டார். ஜூடித் அதைப் பார்த்தார். பென்சிலை எடுத்து எண்ணின்மேல் ஒரு கோடு கிழித்து, பென்சிலை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். "பேரை எழுதச் சொன்னவ. ஏழு மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் என்ர பேரை எழுதினனான். எழுத்தே மறந்துபோன மாதிரிக் கிடந்தது," என்பார் யாக்கோபு. முகாமை விட்டு வெளியேறிய நாளில் ஜூடித் ஒரு பென் டிரைவை நாடா கட்டிக் கொடுத்தார். அதற்குள் அந்தப் படங்கள் எல்லாம் இருந்தன. கொரோனா ஆண்டில் ஜூடித் இறந்துபோனார். இறுதிச் சடங்கை றம்யாவின் கைபேசியில் பார்த்தார்கள்.

யாக்கோபு நன்றி மடல் மட்டும்தான் செய்வார். ரயில் நிலையத்துக்கு எதிரே றோல்ஸும் இடியப்பமும் விற்கும் சுஜீவா, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அவருடைய மடல்களை அடுக்கி வைத்திருக்கிறாள். அவளுக்கு இதில் தீராத குறை.

"யாக்கோபண்ணை, பேர்த்டே காட் நாலு செய்து தாங்கோவன். சனம் அதைத்தான் கேக்குது."

"பிறந்ததுக்கு என்னத்துக்கடி வாழ்த்து? அது தன்ர பாட்டில நடந்தது. ஆரும் ஏதும் செய்தாத்தானே தாங்ஸ் சொல்ல வேணும்?"

"அப்ப கலியாணக் காட்?"

"அதுக்கு அனுதாபக் காட் எல்லோ அனுப்ப வேணும்," என்பார். கடைக்குள் நிற்கும் ஆண்கள் சிரிப்பார்கள். சுஜீவா ஒரு றோல்ஸைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அவரை வெளியே துரத்துவாள்.

அவருடைய மடல் யார் யாருக்குப் போயிருக்கிறது தெரியுமா? ஆறு வருடம் மழையிலும் வெயிலிலும் றம்யாவைச் சாலை கடக்கவைத்த பள்ளிக்கூடத்துக் கிழவிக்கு. ஓடி வருவதைக் கண்ணாடியில் கண்டு அரை நிமிடம் காத்து நின்ற பஸ் சாரதிக்கு. பேர்ளின் பல்லைப் பிடுங்கும்போது கூடவே பாடிய வைத்தியருக்கு. வாகனத் தரிப்பிடத்தில் தள்ளுவண்டிகளைப் பொறுக்கி அடுக்கும் நேபாளி இளைஞனுக்கு. அந்த இளைஞன் உறையைத் திறந்து பார்த்து, "சேர், இது யாருக்கு?" என்று கேட்டானாம். யாரும் தனக்கு எழுதியிருப்பார்கள் என்று அவனால் நம்ப முடியவில்லை. உழைக்கிறவன் நன்றியைக் கண்டு திடுக்கிடும்படி ஒரு நகரத்தைக் கட்டி வைத்திருக்கிறோம்.

யாக்கோபு கோயிலுக்குப் போகாதவர் அல்ல. ஞாயிறு தவறாமல் போகிறார்; மடுமாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார். ஆனால் மெழுகுதிரியோடு கணக்கு முடிந்தது என்று அவர் நினைப்பதில்லை. "மாதாவுக்குத் தெரியும் அவவுக்கு நான் நன்றி எண்டு. பஸ்காரனுக்கு என்னெண்டு தெரியும்?" ஆயிரம் பக்கம் எழுதி நிறுவ வேண்டிய விஷயம் இது, அவர் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்.

இந்த எலிதான் சென்ற ஆண்டு அந்த வீட்டை மூன்று மாதம் தூங்கவிடாமல் செய்தது.

அதைச் சொல்வதற்கு முன் விசாவைச் சொல்ல வேண்டும். பதின்மூன்று ஆண்டுகளாகியும் இவர்களுக்கு நிரந்தர விசா இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் தற்காலிக விசாதான். சட்டம் மீறமாட்டேன், யாருக்கும் தொல்லை தரமாட்டேன் என்று அவர் கையெழுத்திட்ட பத்திரத்தின் பிரதி ஃபிரிட்ஜின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது. பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். றம்யா இங்கேதான் முதல் எழுத்தைப் படித்தாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, மருந்தாளர் படிப்புக்கு இடமும் கிடைத்திருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பொறுத்தவரை அவள் நேற்று விமானத்தில் வந்திறங்கிய வெளிநாட்டு மாணவி. அந்தத் தொகைக்கு யாக்கோபு எத்தனை ஆயிரம் விரிப்பு மடித்தாலும் போதாது. விசா வந்தால் படிப்பு. வராவிட்டால் அவளும் விரிப்பு மடிக்கலாம். இறுதி மனு மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. "ஒரு சின்னப் பிழையும் வரக்கூடாது," என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் சுஜீவாவின் யோசனைப்படி சமூக மண்டபத்தில் ஒரு வகுப்பு நடந்தது. பன்னிரண்டு பெண்கள் மடல் செய்யப் பழக வந்தார்கள். கொண்டுபோன எலிகள் போதவில்லை. யாக்கோபு என்ன செய்தார்? ஜூடித் தனக்குச் செய்ததைச் செய்தார். இருந்ததைப் பகிர்ந்தார். எலிக் கோப்பையே பன்னிரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே கலைச்சட்டம் அதுதான். சுஜீவா பெருமையோடு எல்லா மடல்களையும் படம் பிடித்துக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டாள்.

நான்காம் நாள் அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வந்தது. எழுதியவர் பிரோன்வின், டாஸ்மேனியாவில் வாழும் ஓவியர். தன் படத்தை யாரோ வாடிக்கையாளர் அடையாளம் கண்டு சொல்லியிருக்கிறார். 'இது நான் வரைந்த படம். நிறம் தீட்டிய விதம் மிக அழகு. படம் எப்படிக் கிடைத்தது என்று செய்தவர் எனக்கு எழுத முடியுமா?'

மூன்று வாக்கியங்கள். நடுவில் ஒரு பாராட்டு. யாக்கோபுவின் காதில் முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே விழுந்தன.

றம்யா அந்த ஓவியரின் இணையக் கடையைத் தேடி விதிகளை வாசித்துச் சொன்னாள். படத்தை வாங்கியவர் எத்தனை மடல் வேண்டுமானாலும் செய்யலாம். செய்த மடலை விற்கவும் செய்யலாம். ஆனால் கோப்பை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. நியாயமான விதி. கோடு வரைகிறவளுக்கு அந்தக் கோடுதான் சோறு. யாக்கோபு அதை உடனே ஒப்புக்கொண்டார். "மனுசின்ர வலையை வெட்டி மீனை ஊருக்குப் பங்கு வைச்சிருக்கிறன்," என்றார். பிறகு எழுந்துபோய் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

அன்று மாலையே சுஜீவாவின் கடையிலிருந்த மடல்களை எல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தார். மார்க்கர்கள் கட்டிலுக்கு அடியில் போயின. மேசை முதல் முறையாக வெறும் சாப்பாட்டு மேசையானது. பேர்ள் இறங்கச் சொல்ல அதில் எலி இல்லை. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் யாக்கோபு எழுந்து குளியலறைக்குள் போய்விடுவார்.

"அப்பா, ஜஸ்ட் அவவுக்கு ஈமெயில் பண்ணுங்கோ," என்றாள் றம்யா.

"ஈமெயில் பதிவில நிக்கும் பிள்ளை. நாளைக்கு உன்ர ஃபைலுக்குள்ள வந்து குந்தும்."

சிரிக்கத் தோன்றுகிறதா? சிரிக்க வேண்டாம். சுண்டுவிரல் அளவு எலிக்கு ஐம்பது வயது மனிதன் நடுங்குகிறான் என்றால், பதின்மூன்று ஆண்டு அவனுக்கு நடுங்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேளுங்கள். குற்றம் செய்தவனுக்குக்கூடத் தண்டனை எத்தனை வருடம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

கடைசியில் அவர் கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கூட்டுக்குள் முழந்தாளிட்டு எலி விவகாரத்தைச் சொன்னார். உள்ளேயிருந்த சுவாமியார் மூன்று முறை அருள்நிறைந்த மரியே செபத்தைச் சொல்லும்படி விதித்து, பாவம் மன்னிக்கப்பட்டது என்று அனுப்பிவைத்தார். ரயில் பாதையோரமாக நடந்து வந்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"சுவாமியார் மன்னிச்சிட்டார்," என்றார்.

"நல்லதாப் போச்சு," என்றாள் பேர்ள்.

"என்ன நல்லது? எலி என்ன அவருக்குச் சொந்தமோ? எலிக்காரி எல்லோ மன்னிக்க வேணும்."

மார்க்கர்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தன.

ஆனால் என்ன படம் வைப்பது? மன்னிப்புக் கேட்கும் மடலில் அதே எலியை வைக்க முடியாது. வேறு எந்த ஸ்டாம்பும் யாரோ ஒருவருடையது. யாக்கோபு சொந்தமாக ஒரு கோடு வரைந்ததே இல்லை. பிறர் கோட்டுக்குள் நிறம் தீட்டத்தான் அவருக்குத் தெரியும். மாலை முழுக்க வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியை எடுத்துத் தாளின்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிவரக் கோடு போட்டார். அது மட்டும்தான் அவரால் வரைய முடிந்த படம். அதற்குள் நான்கு நாள் நிறம் தீட்டினார். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கரண்டி. குழியில் விழும் நிழல், காம்பில் ஏறிய மஞ்சள், ஓரத்தில் சின்னக் கீறல். முடிந்தபோது பேர்ள் அதைத் தாளிலிருந்து எடுக்கப் போய் விரலால் சுரண்டிவிட்டு, "சீ, உண்மையானது எண்டு நினைச்சிட்டன்," என்றாள்.

கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல றம்யா ஆங்கிலத்தில் எழுதினாள். எலி எங்கெல்லாம் போயிற்று என்று ஒவ்வொருவராகச் சொன்னார். சாலை கடக்கவைத்த கிழவி, பஸ் சாரதி, பாடிய பல் வைத்தியர், தள்ளுவண்டி இளைஞன், நூலகத்துப் பெண். பன்னிரண்டு பேருக்குக் கோப்பை அனுப்பியதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் எழுதி, கீழே பெயர் எழுதும் இடம் வந்ததும் வீட்டில் சண்டை தொடங்கியது.

"பேர் போடாதேங்கோ. 'ஒரு நண்பர்' எண்டு போட்டாக் காணும்," என்றாள் பேர்ள்.

"கள்ளன்தான் பேர் போடாமல் எழுதுவான்."

"நீங்கள் கள்ளனில்லையே! ஜூடித் தந்தது. அதை எழுதுங்கோவன்."

"செத்த மனுசியைக் காட்டிக் குடுத்துப்போட்டு நான் தப்பவோ?"

"ஓ மை கோட், ரெண்டு பேரும் மர்டர் கேஸ் மாதிரிக் கதைக்கிறீங்கள்," என்று றம்யா பேனாவை எறிந்தாள். "இட்ஸ் எ மவுஸ்!"

"எலிதான் பிள்ளை," என்றார் யாக்கோபு. "ஆனா போறது உன்ர படிப்பெல்லோ."

றம்யா குனிந்து பேனாவைத் தேடி எடுத்தாள். தானாகவே ஒரு வரி சேர்த்தாள்: 'எங்களிடம் ஒன்றும் இல்லாத, கத்தரிக்கோல்கூட விடாத இடத்தில் ஒரு தோழி இந்த எலியை எங்களுக்குத் தந்தார். விதி எங்களுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டும்.' அதை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, மடலை அவர் பக்கம் திருப்பினாள். "சைன் பண்ணுங்கோ அப்பா. என்ர படிப்பை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் முழுப்பெயரும் முகவரியும் எழுதினார். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சிவப்புப் பெட்டியில் போட்டபின் பெட்டியின் வாயில் கை வைத்தபடி நின்றாராம். சுஜீவா கடைக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "அண்ணை, உள்ள விழுந்தது விழுந்ததுதான். இனி வந்து றோல்ஸ் சாப்பிடுங்கோ," என்று கூப்பிட்டாள்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. யாக்கோபு குளியலறைக்குள் இருந்தார். கதவுக்கு வெளியே நின்று றம்யா உரக்க வாசித்தாள். முதல் பத்தி முடிந்ததும் கதவு திறந்தது.

பிரோன்வின் தன் பழைய மின்னஞ்சல்களைத் தேடியிருக்கிறார். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் ஜூடித் என்ற பெண்மணி தனக்கு எழுதியதைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த மின்னஞ்சலை அச்சிட்டு உள்ளே வைத்திருந்தார். 'உங்கள் எலியை வாங்கியிருக்கிறேன். கத்தரிக்கோல் வைத்திருக்க அனுமதி இல்லாத என் நண்பர்களுக்கு இதை அச்சிட்டுக் கொடுக்கலாமா? அவர்கள் வெளியே வந்த பிறகும் வைத்துக்கொள்ளலாமா?' அதன் கீழே பிரோன்வினின் பழைய பதில், ஒரே வரி: 'தாராளமாக. எத்தனை பேராக இருந்தாலும்.' எழுதியதை அவர் மறந்துவிட்டார். ஜூடித் அனுமதி கேட்டதைச் சொல்லாமலே போய்விட்டார்.

யாக்கோபு ஈரக் கையோடு நின்றார். "கேட்டிருக்கிறா," என்றார். "எங்களுக்காகக் கேட்டிருக்கிறா பேர்ள்." அன்று அவர் அழுததைப் பேர்ள்தான் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

பன்னிரண்டு பேர் விஷயத்தில் மட்டும் ஓவியர் கறாராக இருந்தார். அவர்கள் கோப்பை அழித்துவிட வேண்டும், வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார். யாக்கோபு இரண்டு வாரம் வீடு வீடாகப் போனார். ஒவ்வொருவரும் கைபேசியிலிருந்து எலியை அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். "அண்ணை, எலி பிடிக்கிற வேலையும் தொடங்கிட்டீங்களோ?" என்று ஒருத்தி கேட்டாள். ஒன்பது பேர் பிறகு முறைப்படி வாங்கினார்கள். இப்போது அவர் செய்யும் ஒவ்வொரு மடலின் பின்புறமும் சின்ன எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: வரைந்தவர் பிரோன்வின், தந்தவர் ஜூடித், செய்தவர் யாக்கோபு.

ஆனால் அந்தக் கடிதத்தில் யாக்கோபு மனப்பாடம் செய்து வைத்திருப்பது கடைசி வரியைத்தான். 'முப்பது வருடமாக வரைகிறேன். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பிளாஸ்டிக்கின் நிழலை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று எனக்குச் சொல்லித்தருவீர்களா?' அதைச் சொல்லும்போது அவர் கழுத்து இரண்டு அங்குலம் உயரும். அதற்கு நான்கு பக்கம் பதில் எழுதினார். சலவை ஆலையில் வெள்ளையை எட்டு மணி நேரம் பார்த்தால் அதற்குள் நீலம் தெரியும், மஞ்சள் தெரியும் என்று அதில் இருக்கிறது.

விசா இன்னும் வரவில்லை. றம்யா ஒரு மருந்துக்கடையில் பெட்டி அடுக்குகிறாள். படிக்கக் கிடைத்த இடம் அடுத்த பெப்ரவரிவரைதான் அவளுக்காகக் காத்திருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் அந்தப் பத்திரம் இன்னும் இருக்கிறது. அதன்மேல் பிரோன்வினின் கடிதத்தை யாக்கோபு ஒட்டி வைத்திருக்கிறார், பத்திரத்தின் கையெழுத்து மட்டும் தெரியும்படி.

அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் சும்மா திரும்ப முடியாது. தேத்தண்ணீர் முடிந்ததும் யாக்கோபு கோப்பையை ஒதுக்குவார். ஒரு தாளை மடிப்பார். கரண்டியின் முதுகால் தேய்ப்பார். விரலை நனைத்துக் கரையைக் கிழிப்பார். எலியை ஒட்டி, உள்பக்கம் வெறுமையாக இருக்கும் மடலை எதிரே இருப்பவரின் முன்னால் தள்ளுவார்.

"நீட்டி எழுதத் தேவையில்லை. ஆருக்கு எண்ட பேரையும் உங்கட பேரையும் வடிவா எழுதுங்கோ. மிச்சம் தானா வரும்."

எழுதுங்கள். உங்களுக்காக அரை நிமிடம் காத்து நின்ற யாரோ ஒருவருக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவில் இருந்தால், உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இன்னொன்று: பதின்மூன்று ஆண்டு காத்திருந்தவர்களின் பிள்ளைகளைப் பெப்ரவரிக்குள் படிக்க விடுங்கள் என்று. கீழே பெயர் போட மறக்காதீர்கள்.

பேனாவின் மூடியை யாக்கோபு ஏற்கெனவே கழற்றிவிட்டார்.